கோணங் காக்கும் படங்களும் வளையங்களும்



1569ஆம் ஆண்டில் மேர்க்காற்றர் என்னும் அறிஞர் மாலுமிகளுக்கென ஓர் உலகப்படம் வரைந்தார். கடலிற் செல்லும் திசைக்கோணம் அப்படத்திலும் மாறாதிருந்தது. ஆயின், கோணத்தைக் காத்த படம் பரப்பைக் காக்கவில்லை. ஆபிரிக்காவின் பதினான்கில் ஒரு பங்களவேயான கிரீன்லாந்து, அதில் ஆபிரிக்காவுக்கு நிகராகத் தோன்றுகின்றது. ஒன்றைக் காக்க மற்றொன்றை இழத்தல் வேண்டும் என்னும் இவ்வுண்மையிலிருந்தே நமது வரலாறு தொடங்குகின்றது.

தளத்தில் இத்தகைய படங்களுக்குப் பஞ்சமில்லை. துளையற்ற ஒரு தளப்பகுதி, முழுத்தளமாக இல்லாதவிடத்து, எவ்வளவு கோணலாயினும் அதனைக் கோணம் மாறாமல் வட்டமாக்கலாம் என்று ஜெர்மனியின் ரீமான் 1851இல் எடுத்துரைத்தார். அதற்கு முந்திய ஆண்டிலேயே பிரான்சின் லியூவில் வேறொன்று கண்டிருந்தார். முப்பரிமாண வெளியிலே கோணங் காக்கும் படமாக்கல்கள் மிகச் சிலவே. நகர்த்தல், சுழற்றல், பிரதிபலித்தல், பெருப்பித்தல், கோளமொன்றின் உள்ளையும் புறத்தையும் மாற்றும் நேர்மாற்றம், இவற்றின் சேர்க்கைகள் என்பனவன்றி வேறில்லை. ஆகவே, கோணம் பிறழாமல் உருண்டையைப் பெட்டியாக்க முடியாது.

கதவு அடைபட்டதா? சற்றே நெகிழ்ந்தால் என்ன என்று கேட்டவர் ஜெர்மனியின் கிறெற்சு. சதுரமொன்றை, மூலைக்கு மூலை பொருந்த, நீள்சதுரமாக்குவதில் மிகக் குறைந்த பிறழ்வு எது என்று 1928இல் அவர் ஆராய்ந்தார். ஒரே சீராக இழுத்தலே அதன் விடை. 1935இல் பின்லாந்தின் ஆல்போர்சு இத்தகைய படமாக்கல்களுக்குப் பெயரிட்டார். பிறழ்வு உண்டு, ஆனால் அது ஓர் எல்லையைத் தாண்டாது. 1936இல் முதன்முறையாக வழங்கப்பட்ட பீல்ட்ஸ் பதக்கத்தைப் பெற்ற இருவருள் அவரும் ஒருவர். 1944இல், போர்க்காலத்தில் நாட்டை விட்டு வெளியேறியபோது, கையிற் பணமின்மையால் அப்பதக்கத்தையே சுவீடனில் அடகு வைத்தார். பின்னர் அதனை மீட்டுக்கொண்டார்.

வெளியில் இக்கருத்தை நிலைநாட்டியவர்களுள் அமெரிக்கராகிய கேறிங்கும் பின்லாந்தினராகிய வைசாலாவும் முதன்மையானவர்கள். தேங்காயின் உட்குழிக்கும் வெளிப்புறத்திற்கும் இடையிலுள்ள பகுதியை நினைத்துக்கொள்ளுங்கள். அத்தகைய பகுதியே வெளியில் அமைந்த வளையம். அதன் தடிப்பைக் குறிக்கும் ஓர் எண் உண்டு. கோணங் காக்கும் படமாக்கலில் அது சற்றும் மாறாது. எல்லா வளையங்களின் எண்ணும் ஒரு குறித்த மடங்குக்குள்ளேயே மாறுமாயின், அப்படமாக்கலின் பிறழ்வும் எல்லைக்குட்பட்டதே என்று 1960களின் தொடக்கத்தில் கேறிங் காட்டினார்.

இதன் பயன் யாது? 1968இல் மொஸ்ரோ என்னும் அமெரிக்க அறிஞர் இக்கருவியைக் கொண்டே ஒரு வியத்தகு முடிவை நிறுவினார். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பரிமாணங்களையுடைய, எங்கும் ஒரே சீரான எதிர்வளைவுடைய, எல்லைக்குட்பட்ட வெளிகளில், இணைப்பு முறை ஒன்றாயின் அளவுகளும் ஒன்றேயாகும். நெகிழ்வை ஆராயப் புகுந்தோர் முடிவில் நெகிழாமையையே கண்டனர். பிழையை அஞ்சி விலக்காது, அதற்கு எல்லை வகுத்து ஆராய்ந்தமையாற் கிடைத்த பேறு இது.