சிதம்பரத்தில் காப்பி எடுத்த கேசட்

மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று நண்பர்கள் கேட்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ஒரு கேசட்தான். என்னோடு படித்தவர்களில் சிலருக்கு அந்தக் கதை தெரியும். இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்குப் புதிது.

1989. திருப்பாதிரிப்புலியூரில் மீட்டர்கேஜ் பாசஞ்சர் பிடித்து, அண்ணாமலைநகர் விடுதியில் இருந்த பள்ளித் தோழனைப் பார்க்கச் சிதம்பரம் போயிருந்தேன். பக்கத்து அறை வடநாட்டு மாணவர் ஒரு கேசட் போட்டார். சுவரே அதிர்ந்தது. 'ராக் அண்ட் ரோல் ரெனிகேட்'. பம்பாயின் ராக் மெஷின் குழு 1988-இல் வெளியிட்ட முதல் ஆல்பம். டபுள் டெக்கில் காப்பி எடுத்துக்கொண்டுதான் கடலூர் திரும்பினேன்.

அதன் அருமை சத்தத்தில் இல்லை. அந்நாளில் நம் நாட்டு ராக் குழுக்கள் பெரும்பாலும் மேல்நாட்டார் பாட்டையே அச்சு அசலாக வாசித்தன. கூட்டமும் அதைத்தான் கேட்டது. 1984-இல் தொடங்கிய ராக் மெஷினும் அந்த வழியில் வந்ததுதான். பிறகு துணிந்து சொந்தமாகப் பாட்டுக் கட்டினார்கள். உதய் பெனகலின் குரல், மகேஷ் தினாய்கரின் கிடார். உள்ளதைச் சொன்னால், அந்த ஆல்பத்தில் மேல்நாட்டுச் சாயல் தூக்கலாகவே இருக்கும். ஆனாலும் பாட்டு அவர்களுடையது.

நம் தமிழ் ஐயா ஒருவரிடம் போட்டுக் காட்டினோம். காதைப் பொத்திக்கொள்வார் என்று பார்த்தால், "சொந்தப் பாட்டாப்பா?" என்றார்.

"ஆமாங்கய்யா. ஆனா இங்கிலீஷ்ல."

"அப்ப பாதிக் கிணறுதானே தாண்டியிருக்காங்க!"

பிறகு ஒரு மணி நேரம் தமிழிசை வரலாறு. கச்சேரியின் கடைசியில் துக்கடாவாகத் தமிழ்ப்பாட்டு பாடிய காலம், 1941-இல் அதே அண்ணாமலைநகரில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கூட்டிய மாநாடு, 1943-இல் சென்னையில் எழுந்த தமிழ் இசைச் சங்கம், எல்லாம் சொல்லி முடித்து, "மீதியை நீங்க தாண்டுங்களேன்" என்றார்.

தாண்டப் போனோம். கல்லூரி நாள் மேடையில், இரவல் கிடாரோடு, நாங்களே எழுதிய தமிழ்ப்பாட்டு. முதல் சரணம் முடிவதற்குள் "சினிமாப் பாட்டு பாடுங்கடா!" என்று கூச்சல். அப்படியே நிறுத்திவிட்டு இளையராஜா பாட்டுக்குத் தாவினோம். கைதட்டலுக்குக் குறைவில்லை. எனக்குத்தான் அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

பம்பாய்க்காரர்கள் நிறுத்தவில்லை. 1990-இல் இரண்டாவது ஆல்பம். 1993-இல் இண்டஸ் கிரீட் என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். அதே ஆண்டு 'பிரெட்டி சைல்டு' பாட்டுக்கு எம்டிவி ஆசியா நேயர் விருது. 1997-இல் கலைந்து, 2010-இல் மறுபடி கூடி, 2012-இல் 'இவால்வ்' என்று இன்னொரு ஆல்பம்.

அந்தக் கேசட் இன்னும் மஞ்சக்குப்பம் வீட்டில் இருக்கிறது. போட்டுக் கேட்கத்தான் டேப் ரிக்கார்டர் இல்லை. பாட்டு எழுதிய நோட்டும் பத்திரமாக இருக்கிறது. சந்திப்புக்கு எடுத்து வருகிறேன். அன்று கிடார் வாசித்தவரும் அவசியம் வர வேண்டும். இரண்டாம் சரணம் பாக்கி.