ஓடையின் மேல் கட்டிய குளம்: லாஸ்கரும் தம்பானூரும்

பொது நீச்சல்குளத்தோடு செயற்கைப் பனிச்சறுக்குத் தளத்தை இணைக்கும் எண்ணம் சிக்கனத்தில் பிறந்தது. குளிர்நாடுகளில் திறந்தவெளிக் குளம் கோடையில் மட்டுமே பயன்படும். எஞ்சிய மாதங்களில் அந்தப் பொதுநிலம் வெறுமனே கிடக்கும். குளிரூட்டிய நீர்மத்தைக் குழாய்களில் செலுத்தி, அவற்றின் மேலுள்ள நீரை உறையவைக்கலாம் என்பதை 1876இல் இலண்டனில் ஜான் காம்ஜி அமைத்த ‘கிளேசியேரியம்’ காட்டியது. அதன்பின் பனித்தளத்துக்கு உறைந்த ஏரி தேவைப்படவில்லை. சமதளமான தரையும் இயந்திரமும் போதும். அந்தத் தரை, நீர் வடித்த குளத்தின் அடித்தளமாகவும் இருக்கலாம்.

இவ்வகைக் கட்டடங்களுள் நன்கு அறியப்பட்டது, நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் 1966இல் திறக்கப்பட்ட லாஸ்கர். கோடையில் நீச்சல்குளம், குளிர்காலத்தில் பனித்தளம். பூங்காவின் வடகோடியில், ஹார்லெம் பகுதியை ஒட்டி அமைந்த அது, வசதி குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி நீந்தும் இடமாக இருந்தது. அப்பயனைக் குறைத்து மதிப்பிடுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது.

ஆனால் கட்டடம் எழுந்த இடம் வெற்றிடமன்று. பூங்காவை வடிவமைத்த ஓம்ஸ்டெட், வோக்ஸ் இருவரும் வகுத்த நீர்வழி ஒன்று அங்கேதான் ஹார்லெம் மீர் என்னும் ஏரியைச் சென்றடைந்தது. லாஸ்கருக்காக அவ்வோடை நிலத்தடிக் குழாய்க்குள் அடைக்கப்பட்டது. குழாய் கொள்ளாத மழைநீர் வெள்ளமாகத் திரும்பியது. 2021இல் லாஸ்கர் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 16 கோடி டாலர் செலவில் எழுந்த டேவிஸ் மையம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. கோடையில் குளம், குளிர்காலத்தில் பனித்தளம், இடைப்பருவங்களில் புல்வெளி என இன்று அது மூன்று உருக்கொள்கிறது; ஓடையும் மீண்டும் வெளிச்சத்தில் ஓடுகிறது. குளமா ஓடையா என்ற எதிர்நிலை உண்மையில் இருந்ததே இல்லை என்பதை இது உணர்த்துகிறது. 1966இல் எண்ணியிருக்க வேண்டியதை எண்ண அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று; இடைப்பட்ட கட்டுமானக் காலத்தில் குளத்தை இழந்திருந்தவர்களும் அதே ஹார்லெம் பிள்ளைகள்தாம்.

திருவனந்தபுரத்தில் குளிர்காலமில்லை, குளம் வெறுமனே கிடக்கும் பருவமும் இல்லை. எனவே பனித்தளத்தின் தேவை இங்கு எழவில்லை. எனினும், பொதுப்பயன் கருதி எழுந்த கட்டுமானம் தன் அடியில் ஓடும் நீரைக் கண்மறைவாக்கும் நிகழ்வு தம்பானூருக்குப் புதிதன்று. 1931இல் இருப்புப்பாதை சாக்கையிலிருந்து தம்பானூர்வரை நீட்டப்பட்டது. இன்று அந்த ரயில் நிலையத்தின் தண்டவாளங்களுக்கும் நடைமேடைகளுக்கும் அடியில் ஆமயிழஞ்சான் தோடு சுரங்கவழியாகச் செல்கிறது. பெயரின் முற்பகுதி தமிழின் ‘ஆமை’யோடு உறவுடையது, பிற்பகுதி ஊர்தலைக் குறிக்கும் மலையாள வினையை நினைவூட்டுகிறது. ஆமை ஊர்ந்த நீர்நிலை என்று பெயர் சொல்கிறது. பயணியின் கண்ணுக்கோ நீரே தென்படுவதில்லை.

மழைக்காலத்தில் தம்பானூர் மீண்டும் மீண்டும் மூழ்கியதால், 2015இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்னும் திட்டத்தின்கீழ் வடிகால்கள் தூர்வாரப்பட்டு ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டன. ஆயினும் 2024 ஜூலையில், நிலையத்தை ஒட்டிய பகுதியில் குப்பை அகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவரை நீர் அடித்துச் சென்றது. மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது. கழிவுக்கு யார் பொறுப்பு என்று மாநகராட்சியும் ரயில்வேயும் ஒன்றையொன்று சுட்டின.

லாஸ்கரில் மறைக்கப்பட்ட ஓடையின் விலை டாலரிலும் ஆண்டுகளிலும் கணக்கிடப்பட்டது. தம்பானூரில் அது ஓர் உயிராகவும் ஆயிற்று. பொதுக் கட்டுமானங்களின் வரலாற்றை எழுதுவோர் திறப்புவிழா ஆண்டையும் செலவுத் தொகையையும் தவறாமல் குறிக்கின்றனர். அடியில் ஓடிய நீரின் பெயரையும், அதைத் தூய்மை செய்ய இறங்கியவர்களையும் அதே பக்கத்தில் குறிக்கும் வழக்கம் இனியேனும் தொடங்க வேண்டும்.