டி-3இல் இரண்டு அளவீடுகள்

1968 ஆகஸ்டில் நோவோசிபிர்ஸ்க் மாநாட்டில் சோவியத் இயற்பியலாளர் லெவ் ஆர்ட்சிமோவிச் அறிவித்த டி-3 டோகமாக்கின் பிளாஸ்மா வெப்பநிலையை மேற்கு நாடுகள் நம்பத் தயங்கின. பிரிட்டனின் கல்ஹாம் ஆய்வகத்தின் குழு லேசரோடு மாஸ்கோ சென்று அளந்தது. முடிவு 1969 நவம்பர் 1 தேதியிட்ட ‘நேச்சர்’ இதழில் வந்தது. இதுவரை கருத்து வேறுபாடு இல்லை. அந்த அளவீடு எதை நிறுவியது என்பதில்தான் எனக்கு மாறுபாடு உண்டு.

குழுவில் ஒருவரான மைக் ஃபாரஸ்ட் 2011இல் வெளியிட்ட நினைவு நூல் தலைப்பிலேயே லேசரை முன்னிறுத்துகிறது. உடன் சென்று உழைத்தவரின் நூலில் கருவியே கதாநாயகனாவதில் வியப்பில்லை. ஆனால் நினைவு நூலை அப்படியே வரலாறாக வாசித்தால், சோவியத் கருவி ஐயத்துக்குரியது, பிரிட்டிஷ் லேசர் அதன்மேல் தீர்ப்பு வழங்கியது என்ற சித்திரம் உருவாகிவிடுகிறது. பொதுவாசகருக்கான பல விவரிப்புகளிலும் இதே சித்திரம்தான். இது இரு கருவிகளையும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்பவையாகக் கொள்கிறது. அவை அப்படிப்பட்டவை அல்ல.

ஆர்ட்சிமோவிச் குழு பெரிதும் சார்ந்திருந்தது டயாகாந்தச் சுருளை. பிளாஸ்மாவின் அழுத்தம் உள்ளிருக்கும் காந்தப்பாயத்தைச் சற்றே குறைக்கும். பிளாஸ்மாவைச் சுற்றிய சுருள் அந்தக் குறைவை உணரும். டி-3 போன்ற கருவியில் அது மொத்தப் பாயத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. எனவே அதைப் பிரித்தெடுத்ததே பெரிய திறமை. எதிர்த்தரப்பினரின் வலுவான ஆட்சேபம் சுருளின் துல்லியம் பற்றியதல்ல. சுருள் காட்டுவது குறுக்குவெட்டு முழுவதிலும் எலக்ட்ரான்களும் அயனிகளும் சேர்ந்து தாங்கும் ஆற்றலை. எலக்ட்ரான்கள் எல்லாமே 1 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில், அதாவது ஒரு கோடி டிகிரிக்குச் சற்று மேல், இருக்கலாம். அல்லது நூற்றில் ஒன்று மட்டும் 100 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் கட்டுமீறி ஓட, மற்றவை குளிர்ந்து கிடக்கலாம். ஆற்றல் கணக்கில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே.

இந்த ஐயத்தின் கனத்தைப் பிரிட்டிஷாருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1958இல் ஹார்வெல்லின் ஜீட்டா இயந்திரத்தில் நியூட்ரான்கள் உண்மையாகவே வந்தன. அவை வெப்ப அணுக்கருப் பிணைவால் வந்தவை என்ற அறிவிப்பைத்தான் அதே ஆண்டில் கைவிட நேர்ந்தது.

தாம்சன் சிதறல், அதாவது எலக்ட்ரான்களில் பட்டுச் சிதறும் லேசர் ஒளியை அளக்கும் முறை, ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் ஒரு வாக்கு தருகிறது. 694.3 நானோமீட்டர் ரூபி ஒளியைச் செலுத்திச் செங்கோணத்தில் பார்த்தால், 100 எலக்ட்ரான்வோல்ட் பிளாஸ்மாவில் நிறமாலை இருபுறமும் சுமார் 19 நானோமீட்டர் விரியும். 1 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் சுமார் 60. கட்டுமீறிய ஒரு விழுக்காட்டின் ஒளி வெகுதூரம் சிதறி அளவுக்குள் வராமலே போகும். லேசரின் வலிமை இந்தக் குருட்டுத்தனத்தில்தான் இருக்கிறது. அது வேக எலக்ட்ரான்கள் இல்லை என்று நிறுவவில்லை. அதனால் அப்படி நிறுவவும் முடியாது. பெரும்பான்மை சூடாக இருக்கிறது என்று மட்டுமே காட்டியது. ஆனால் கேள்வியும் அதுதான்.

‘நேச்சர்’ கட்டுரையின் சுருக்கத்துக்கு வருகிறேன். 100 எலக்ட்ரான்வோல்ட் முதல் 1 கிலோ எலக்ட்ரான்வோல்ட் வரை வெப்பநிலை, கன சென்டிமீட்டருக்கு 1 முதல் 3 × 10¹³ வரை அடர்த்தி என்ற முதல் வாக்கியத்தையே எல்லோரும் எடுத்தாள்கிறார்கள். அடுத்த வாக்கியம், நேரடி ஒப்பீடு இயன்ற இடங்களில் இவை பிற முறைகளின் முடிவுகளோடு ஒத்துப்போகின்றன என்கிறது. ‘இயன்ற இடங்களில்’ என்ற நிபந்தனையைச் சம்பிரதாயம் என்று தள்ள எனக்கு மனமில்லை. லேசர் பார்ப்பது பிளாஸ்மாவில் ஒரு சிறு பகுதியை; சுருள் பார்ப்பது முழுமையை. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக வெப்பநிலை ஆரவழி எப்படிக் குறைகிறது என்பதும் அயனிகளின் பங்கும் தெரிய வேண்டும். அந்தக் கட்டாயம் அறிந்தவர்கள் எழுதிய வாக்கியம் இது. தீர்ப்பு வழங்குபவரின் மொழியாக எனக்கு அது ஒலிக்கவில்லை.

ஆசிரியர் பட்டியலும் இதையே சொல்கிறது. பீகாக், ராபின்சன், ஃபாரஸ்ட், வில்காக் ஆகிய கல்ஹாம்காரர்களுக்குப் பின் ஐந்தாவதாக நிற்பவர் குர்ச்சாத்தவ் நிறுவனத்தின் சன்னிகவ். ஒரு பெயரை வைத்து மாளிகை கட்டக் கூடாது. மரியாதைக்காகச் சேர்த்தார்கள் என்று வாதிடலாம். ஆனால் இயங்கும் டோகமாக்கில் லேசர் துடிப்பை மின்னிறக்கத்தின் சரியான கணத்தில் பொருத்துவது இயந்திரத்தை இயக்குபவர்களின் கூட்டின்றி நடக்காத வேலை. வெளியாரின் தணிக்கை என்ற சொல் இதற்குப் பொருந்தவே பொருந்தாது என்பேன்.

இறுதியாகக் காலவரிசை. பிரின்ஸ்டனின் மாடல்-சி ஸ்டெல்லரேட்டர் டோகமாக்காக மாற்றப்பட்டு 1970 மே மாதத்தில் இயங்கியது. அவ்வளவு பெரிய இயந்திரத்தை மாற்றும் முடிவு நவம்பர் இதழைப் படித்தபின் பிறந்திருக்க முடியாது. அதற்கு முன்பே, 1969 வசந்தத்தில், ஆர்ட்சிமோவிச் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் உரையாற்றியிருந்தார். எனவே அச்சுக்கு வருமுன்னரே வாய்வழிச் செய்தி முடிவைத் தூண்டியதா, அல்லது சோவியத் தரவே ஓரளவு ஏற்கப்பட்டுவிட்டதா என்பதை வெளியீட்டுத் தேதியைக் கொண்டு பிரித்துச் சொல்ல இயலாது. நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன். ஆனால் முடிவின் மாதத்தை நவம்பருக்கு முன் என்பதைவிட நெருக்கிக் குறிக்க இந்தச் சான்று போதாது.