மண்டலம், கோட்டம், பில் எண்: சென்னைச் சொத்து வரி எண்ணும் மேசைக்கணினித் தரவுத்தளங்களின் வளர்ச்சியும்

சென்னையில் சொத்து வரி கட்டப் போகிறவரிடம் நான்கு எண்கள் கேட்கப்படும்: மண்டலம், கோட்டம், பில் எண், உப எண். முறையே 2, 3, 5, 3 இலக்கங்கள். தேனாம்பேட்டை 9ஆம் மண்டலம். 109 முதல் 126 வரையுள்ள 18 கோட்டங்கள் அதைச் சேர்ந்தவை; மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, நுங்கம்பாக்கம் பகுதிகளும் அதற்குள் வருகின்றன. பில் எண்ணை மட்டும் சொன்னால் வீடு அகப்படாது. அடுத்த கோட்டத்திலும் அதே எண் இருக்கக்கூடும். எண்கள் சேர்ந்தால்தான் ஒரு சொத்து. அந்தச் சொத்துக்கு எதிரே நிற்கும் வரித்தொகையோ நேரில் அளந்து எழுதியதல்ல, கணக்கிட்டு வந்தது. பல புலங்கள் சேர்ந்து தரும் தனித்துவத்தையும் கணக்கிட்டு வரும் மதிப்பையும் மேசைக்கணினித் தரவுத்தளங்கள் கையாண்ட விதம் எப்படி மாறி வந்தது என்பதை இந்த எண்முறையை வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. மாநகராட்சியின் மென்பொருள் இங்கே ஆய்வுப்பொருள் அல்ல; அதன் எண்முறையும் வரிக் கணக்குமே சான்றுகள்.

இரண்டுக்குமான கோட்பாடு ஒரே கட்டுரையிலிருந்து கிளைத்தது. ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் 1970 ஜூனில் வெளியிட்ட உறவுமுறைத் தரவு மாதிரி, ஒரு பதிவைத் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைத் திறவுகோல் ஒரு புலமாகவும் இருக்கலாம், பல புலங்களின் கூட்டாகவும் இருக்கலாம் என்றது. கூட்டாக இருந்தால் அதில் ஒன்றுகூட மிகையாக இருக்கலாகாது என்றும், ஒன்றிலிருந்து வருவிக்கக்கூடியதைத் தனியே சேமிப்பது முரணுக்கு இடம் கொடுக்கும் என்றும் அது எச்சரித்தது.

இந்த அளவுகோலைச் சென்னை எண்ணின்மீது வைத்துப் பார்க்க வேண்டும். கோட்ட எண்கள் நகரம் முழுவதற்கும் 1 முதல் 200 வரை ஒரே வரிசையில் ஓடுகின்றன. 121 என்றால் அது 9ஆம் மண்டலமே. வேறெதுவும் ஆக முடியாது. ஆக மண்டல எண் கோட்ட எண்ணிலிருந்து வருவிக்கப்படும் மதிப்பு. திறவுகோலுக்குள்ளேயே ஒரு கணக்கிட்ட மதிப்பு குடியிருக்கிறது! கவுன்ட்டரில் இருப்பவருக்கு அது வசதி. தட்டச்சுப் பிழையைக் கண்டுபிடிக்கவும் உதவும். ஆனால் அட்டவணையில் அதைத் தனித்துவத்தின் பகுதியாக வைத்தால், 09-121 என்றும் 10-121 என்றும் ஒரே வீடு இரண்டு பதிவாக நுழைய வழி திறக்கும். அப்போது ஒரு குடும்பத்துக்கு இரண்டு கேட்புகள், அதாவது வரி கேட்கும் அறிவிப்புகள், போகும். ஒன்றில் கட்டிய பணம் மற்றொன்றில் பாக்கியாகவே நிற்கும்.

2011இல் இந்தச் சிக்கலின் மறுபக்கம் தெரிந்தது. சுற்றியிருந்த 42 உள்ளாட்சி அமைப்புகள் இணைக்கப்பட்டு மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. பழைய நகரின் 155 கோட்டங்கள் 107 ஆகச் சுருங்கின. புதிய பகுதிகளுக்கு 93. வீடு நின்ற இடத்திலேயே நிற்க, அது இருக்கும் கோட்டத்தின் எண் மாறியது. நிர்வாக எல்லையைத் தன்னுள் தாங்கிய அடையாள எண் இப்படிப்பட்ட நாளில் ஒன்று தானும் மாற வேண்டும், அல்லது பொய் சொல்ல வேண்டும்.

காட் சொன்னதை மேசைக்கணினி உடனே ஏற்கவில்லை. 1980களில் பரவலான டிபேஸில் முதன்மைத் திறவுகோல் என்ற ஏற்பாடே கிடையாது. பல புலங்களைக் கூட்டல் குறியால் இணைத்து இண்டெக்ஸ் போடுவதுதான் வழக்கம். புலங்கள் எண்வகையாக இருந்தால் அந்தக் குறி அவற்றை ஒட்டாது, கூட்டிவிடும்: கோட்டம் 121, பில் 300 என்பதும் கோட்டம் 120, பில் 301 என்பதும் 421 என்ற ஒரே சாவியாகிவிடும். எண்களை நிலையான அகலமுள்ள எழுத்துகளாக மாற்றிய பிறகே இணைக்க வேண்டும். மாநகராட்சி எண்ணில் 300 என்பதை 00300 என எழுதும் முறைக்குள் இதே அறிவு இருக்கிறது. இதைவிடக் கேடானது, ‘யூனிக்’ என்று குறித்த இண்டெக்ஸ் இரட்டைப் பதிவை மறுக்காது. முதல் பதிவை மட்டும் காட்டி மற்றதை மறைக்கும். அட்டவணையில் பிழை அப்படியே கிடக்கும், திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும்.

1992 நவம்பரில் வந்த மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ், பல புலங்களைச் சேர்த்து முதன்மைத் திறவுகோலாக்க இடம் தந்தது. மீறும் பதிவை உள்ளே விடவே மறுத்தது. 1995இன் விஷுவல் ஃபாக்ஸ்புரோ 3.0 தன் பங்குக்கு முதன்மை இண்டெக்ஸையும் மாற்றுத் திறவுகோலுக்கான இண்டெக்ஸையும் கொண்டுவந்தது. இங்கே காவல் வேலை நிரலாளரிடமிருந்து அட்டவணைக்கு மாறியது. என் கணிப்பில் இந்த வரலாற்றின் பெரிய திருப்பம் இதுவே. ஒரு துவாரம் மட்டும் மிஞ்சியது. முதன்மைத் திறவுகோல் அல்லாத தனித்துவ இண்டெக்ஸில் ஒரு புலம் வெறுமையாக இருந்தால், ஆக்சஸ் இரு வெறுமைகளைச் சமமாகக் கருதுவதில்லை. இரட்டைப் பதிவு நுழைந்துவிடும். பிரிக்கப்படாத சொத்தின் உப எண்ணை வெறுமையாக விடாமல் 000 என்று நிரப்பும் வழக்கம் அந்தத் துவாரத்தை அடைக்கிறது.

கணக்கிட்ட மதிப்பின் கதை இவ்வளவு நேரானதல்ல. மாநகராட்சியின் நெடுநாள் முறையில் பரப்பளவைத் தெருவுக்கான அடிப்படை விலையால் பெருக்கினால் மாத வாடகை மதிப்பு, அதை 10.92ஆல் பெருக்கினால் ஆண்டு மதிப்பு. பன்னிரண்டு மாத வாடகையில் பத்தில் ஒரு பங்கான 1.2 நிலத்துக்கு, எஞ்சும் 10.8 கட்டடத்துக்கு, அதில் பழுதுபார்ப்புக்கென 10 சதவீதம் கழித்தால் 9.72, இரண்டும் சேர்ந்து 10.92. சதுர அடிக்கு 2 ரூபாய் என்று கொண்டால், சலுகைகள் நீங்கலாக, 1000 சதுர அடிக்கு ஆண்டு மதிப்பு 21,840 ரூபாய்.

டிபேஸ் காலத்தில் இதற்கென்று ஒரு புலம் வைத்து, விலை மாறும்போதெல்லாம் ‘ரிப்ளேஸ் ஆல்’ கட்டளையால் மொத்தமாக மாற்றி எழுதலாம். மறந்தால் பழைய தொகை நிற்கும். செய்தால் பழைய தொகை அழியும். ஆக்சஸ் காலத்துப் பாடம், சேமிக்காதே, வினவலில் கணக்கிடு என்பது. ஆக்சஸ் 2010 அட்டவணைக்குள்ளேயே கணக்கிடும் புலத்தைத் தந்தது. ஆனால் அதே பதிவின் புலங்களை மட்டுமே அது எடுத்தாளும். தெரு விலை வேறோர் அட்டவணையில் இருப்பதால் சொத்து வரிக்கு அது உதவாது.

2018 ஜூலையில் தமிழக அரசு சொத்து வரியை உயர்த்தியது. 2019 நவம்பரில் அந்த உயர்வை நிறுத்தி வைத்தது. 2022 ஏப்ரலில் அறிவித்த உயர்வு, சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 50 சதவீதம், 1200 வரை 75, 1800 வரை 100, அதற்கு மேல் 150. வினவலை மட்டும் நம்பியிருந்தால் 2019இன் கேட்பும் 2022இன் விகிதத்தில் காட்சி தரும். ஆண்டு மதிப்பு வெறும் கணக்காக இருக்கும்வரை அதைச் சேமிக்கத் தேவையில்லை. கேட்பாகி வீட்டுக்காரர் கைக்குப் போன நாளிலிருந்து அது நடந்த ஒரு செயல். அன்றைய விகிதத்தோடும் தேதியோடும் எழுதி வைக்கப்பட வேண்டியது. வருவிக்கத்தக்கதைச் சேமிக்காதே என்ற விதியை இயந்திரத்தனமாகப் பின்பற்றுவோர் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள்.

ஆகவே அட்டவணைகள் இப்படி அமைவது தகும். சொத்து அட்டவணைக்கு எல்லை மாற்றங்களால் அசையாத, பொருளற்ற ஓர் உள் எண் முதன்மைத் திறவுகோல். கோட்டம், பில் எண், உப எண் மூன்றுக்கும் சேர்த்து ஒரு தனித்துவ இண்டெக்ஸ். மூன்றிலும் வெறுமைக்கு இடமில்லை. மண்டலம் கோட்ட அட்டவணையில் மட்டும் இருக்கும். கேட்பு அட்டவணையிலோ உள் எண்ணும் நிதியாண்டும் அரையாண்டும் சேர்ந்து தனித்துவம் பெறும். திருத்தக் கேட்பு வந்தால் அதற்கென வரிசை எண்ணும் அந்தக் கூட்டில் சேரும், முந்தைய தொகை அழியாமல் அப்படியே இருக்கும்.