பாட்டி காட்டிய பாதை

சென்ற ஆண்டு ஒரு மாலைப் பொழுது. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைமேல் ஏறி, ஒரு பிரிவுப் பாதையில் வந்து நின்றேன். கைபேசியில் வரைபடம் மறைந்து வெறும் கட்டங்களே மிஞ்சின. நீலப் புள்ளி மாத்திரம் நடுவே நின்றது. நான் நிற்பது எங்கே என்று கருவிக்குத் தெரியும். அது எந்த இடம் என்றுதான் தெரியாது! ஆடு ஓட்டி வந்த பாட்டி ஒருத்தி ஒற்றையடிப் பாதையைக் காட்டினாள். இருட்டுமுன் ஊர் சேர்ந்தேன்.

இதில் அதிசயம் இல்லை. இடத்தை அறிய வானத்துச் செயற்கைக் கோள்களின் குரலைக் கேட்டால் போதும், இணையம் வேண்டாம். படம் மட்டும் கையோடு இருக்கவேண்டும்.

அந்தப் படத்துக்காக மனிதர் பட்ட பாடு கொஞ்சமா? 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேயர் சுமார் ஏழரை மைல் தூரத்தைச் சங்கிலி போட்டு அளந்தார். அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தேசத்தின் அளவை வளர்ந்தது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றும்போது, அவருடைய அரை டன் தியோடலைட் கருவி கயிறு அறுந்து சுவரில் மோதி நசுங்கியது. மனிதர் சோரவில்லை. வாரக்கணக்கில் அதனுடன் அடைந்து கிடந்து, தம் கையாலேயே தட்டிச் சரிசெய்தார்.

பிறகு வரைபடம் சர்க்கார் சொத்தாகவே நெடுங்காலம் இருந்தது. இந்திய அரசு அதன் கட்டுப்பாடுகளைப் பெரிதும் தளர்த்தியது 2021-இல்தான். இதற்கிடையே 2000 மே மாதம், அமெரிக்கா தன் ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை நீக்கியது. சாமானியனின் கருவியும் சரியான இடம் காட்டத் தொடங்கியது. 2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை ஆரம்பித்தார். அதில் யாரும் வரையலாம், யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மாண்ட் இரண்டும் அந்தப் படத்தை இறக்கி வைத்து வழி சொல்பவை. கூகுள் மேப்ஸும் 2015 முதல் இறக்கிய பகுதிக்குள் இணையமின்றி வழி சொல்கிறது. ஆனால் அந்தப் படத்தைப் புதுப்பிக்காவிட்டால் கெடு முடிந்து போய்விடும்.

எதைத் தேர்வது? வீட்டிலேயே இணையத்தை அணைத்துவிட்டு, போகவேண்டிய ஊருக்கு வழி கேட்டுப் பாருங்கள். பெரிய சாலையை எல்லாப் படமும் காட்டும். சிற்றூரைக் காட்டுவது எது என்று பாருங்கள். வாகனத்தில் போகிறவருக்கு ஒன்று நல்லது. நடந்து போகிறவருக்கு மற்றொன்று.

பாட்டி காட்டிய பாதை எந்தப் படத்திலும் இல்லை. திரும்பி வந்ததும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் அதை நானே வரைந்து வைத்தேன். லாம்டனுக்கு அரை டன் கருவி வேண்டியிருந்தது. எனக்கு ஒரு கைபேசியும் பாட்டியின் சொல்லும் போதுமாயிருந்தன.