ரோமில் நீந்திய ஆசிரியை

நமது பாடசாலையின் நூறு ஆண்டுகளைப் பற்றி மூத்த அக்காமார் எழுதுவார்கள். வைத்தியத் தொழிலில் இருக்கும் நாம் இந்த மலருக்காக எடுத்துக்கொண்டது வேறொரு வரலாறு: நடக்க இயலாத பெண்கள் மல்லாந்து நீந்தும் பந்தயம் உலகில் எப்படி வந்தது என்பது. களு கங்கைக் கரையில் வளர்ந்த நமக்குத் தண்ணீர் என்றாலே வெள்ளம்தான். 2003 மே மாதத்தையும் 2017 மே மாதத்தையும் இரத்தினபுரி மறக்காது. ஆற்றுப்பக்கம் போகாதே என்று சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்தார்கள். கால் வழங்காத ஒரு பிள்ளையை நீந்த விடலாம் என்று லயத்தில் யார்தான் நினைத்திருப்பார்கள்?

நினைத்தவர் ஒரு வைத்தியர். ஜெர்மனியில் இருந்து அகதியாக இங்கிலாந்து சென்ற லுட்விக் குட்மன், 1944 இல் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் முதுகுத்தண்டுக் காயப் பிரிவைத் தொடங்கினார். அக்காலத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவர்கள் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் விரைவில் இறந்துபோவார்கள் என்றே கருதப்பட்டது. குட்மன் அவர்களைப் படுக்கையில் இருந்து எழுப்பி விளையாட வைத்தார். 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 பேருடன் வில்வித்தைப் போட்டி நடத்தினார். 12 ஆண்டுகளின் பின் அது ரோம் நகருக்குப் போயிற்று. முதலாவது பராலிம்பிக் என்று இன்று நாம் சொல்வது அந்த 1960 ஆம் ஆண்டுப் போட்டியைத்தான்.

அங்கே போனவர்களில் ஒருவர் மார்கரட் மோகன். ஆசிரியை. இன்று மலாவி எனப்படும் நாட்டில் பணியாற்றியபோது, 1959 இல் வீதி விபத்தில் இடுப்புக்குக் கீழ் இயக்கம் இழந்தார். அடுத்த ஆண்டே ரோமில் வில்வித்தையில் தங்கம் வென்றார். பிரித்தானியாவின் முதலாவது பராலிம்பிக் தங்கம் அது. பின்னர் மல்லாந்து நீந்தும் 50 மீற்றர் பந்தயத்திலும் இறங்கினார். அவருடைய பிரிவில் அவர் ஒருவரே போட்டியாளர். நீந்தி முடித்தால் தங்கம், நீந்தி முடித்தார். தனியாக ஓடி முதலாவதாக வந்த கதையா என்று சிரிக்கத் தோன்றலாம். ஆனால் ஒரே ஒருத்திதானே என்று அந்தப் பந்தயத்தை யாரும் அன்று நீக்கிவிடவில்லை. 2012 இல் லண்டன் பராலிம்பிக் தீபத்தை ஏற்றியவரும் அவரே.

மல்லாந்து நீந்தும்போது முகம் நீருக்கு மேலே இருப்பதால் மூச்சுக்குத் தடையில்லை. உடலின் பாரத்தைத் தண்ணீர் ஏற்றுக்கொள்கிறது. பந்தயம் நீருக்குள் இருந்தே தொடங்குவதால் மேடையில் நின்று பாய வேண்டியதில்லை. பிடிக்கக் கையில்லாதவர் துணியொன்றைப் பல்லால் கடித்தபடி காத்திருந்து தொடங்குவார். இன்று உடற்குறையின் அளவுக்கேற்ப எஸ்1 முதல் எஸ்10 வரையும், பார்வைக் குறைபாட்டுக்கு எஸ்11 முதல் எஸ்13 வரையும், அறிவுத்திறன் குறைபாட்டுக்கு எஸ்14 என்றும் பிரிவுகள் உள்ளன. எண் 1 ஐ நெருங்க நெருங்க உடற்குறை அதிகம்.

சிங்கப்பூரின் யிப் பின் சியூ தசைநார் தளரும் நோயுடன் வளர்ந்தவர். 2008 இல் பெய்ஜிங்கில் மல்லாந்து நீந்தித் தமது நாட்டுக்கு முதலாவது பராலிம்பிக் தங்கத்தைக் கொடுத்தார். 2024 பாரிஸ் முடிவில் அவரிடம் ஏழு தங்கங்கள். ஏழும் இந்த நீச்சலுக்கே. சென்னையில் மாதவி லதா, குழந்தைப் பருவத்தில் போலியோவால் கால்களை இழந்தவர், உடல்நலத்துக்காகத் தண்ணீரில் இறங்கி இந்தியத் தேசியப் போட்டிகளில் பதக்கம் வென்றார். பிறகு தமிழ்நாட்டில் மற்றவர்களும் நீந்துவதற்கென ஒரு சங்கத்தையே அமைத்தார்.

இலங்கை 1996 இல் பராலிம்பிக்கில் அடியெடுத்து வைத்தது. 2012 இல் பிரதீப் சஞ்சய வெண்கலமும், டோக்கியோவில் தினேஷ் பிரியந்த ஹேரத் தங்கமும் வென்றனர். பாரிஸ் வரை நாம் பெற்ற பதக்கங்கள் எல்லாம் மெய்வல்லுநர் போட்டிகளிலேயே, எல்லாம் ஆண்களுக்கே. அதே 1996 இல் வந்த 28 ஆம் இலக்கச் சட்டம், உடற்குறையைக் காரணம் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு காட்டலாகாது என்கிறது.

சட்டம் வாசலைத் திறந்தாலும் வாசல் வரை பிள்ளை வர வேண்டுமே! லயத்தில் இருந்து றோட்டுக்கு வர எத்தனை படிகள், எத்தனை ஏற்ற இறக்கங்கள் என்று நமக்குத் தெரியும். போலியோ 1993 க்குப் பின் இலங்கையில் இல்லை. ஆனால் பெருமூளை வாதத்துடன் பிறக்கும் பிள்ளைகளும், விழுந்தும் விபத்திலும் முதுகெலும்பு உடைந்தவர்களும் இன்றும் உள்ளனர். கொழுந்துக்கோ பால்வெட்டுக்கோ தாய் போனபின் அவர்களுக்குத் துணை இஸ்தோப்பும் பாட்டியும்தான்.

கோத்தகிரியிலும் டொரொன்டோவிலும் கொழும்பிலும் இருக்கும் அக்காமாரே, தங்கைமாரே! நூற்றாண்டு நினைவாக வளைவும் மணிக்கூட்டுக் கோபுரமும் கட்டலாம் என்ற பேச்சு எந்தப் பாடசாலையிலும் எழுவதுதான். நாம் கேட்பது வேறு. நமது பாடசாலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் நடக்க இயலாமல் வீட்டிலிருக்கும் பெண் பிள்ளைகளின் பெயர்களை முதலில் எழுதுவோம். பின்னர் ஒரு சாய்தளப் பாதை, சக்கர நாற்காலி உள்ளே திரும்பக்கூடிய ஒரு மலசலகூடம், காலையும் மாலையும் ஒரு முச்சக்கர வண்டி. பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தாலும் இந்த வேலையைத் தொடங்குவோம். நீச்சல் தடாகத்தைப் பற்றி அந்தப் பிள்ளை வந்தபின் அவளையே கேட்போம்.