ஒண்டி ஆளுக்கு ஒரு கல்

"ஒண்டியா போவாத." காணைப் பக்கத்து வீடுகளில் பொழுது சாய்ந்தபின் கிளம்புகிறவருக்குக் கிடைக்கும் முதல் வார்த்தை இது. என் ஆயா இன்னொன்றும் சேர்ப்பாள்: "இருட்டிப்போச்சுன்னா அங்கியே படுத்துட்டு வெடிஞ்சி வா." பேய்க்குப் பயந்து சொல்கிறாள் என்றுதான் அப்போது நினைத்தேன். வழியில் ஒருவருக்கு என்னென்ன நேரும் என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்துவைத்த அறிவு அது என்பது பின்னால்தான் புரிந்தது.

தமிழ்நாட்டுப் பழைய வழிகளில் அந்த அறிவு கல்லாகவே நிற்கிறது. சுமைதாங்கியைச் சொல்கிறேன். நட்ட கல் இரண்டு, மேலே குறுக்கே ஒன்று, அவ்வளவுதான். ஆனால் அதன் உயரத்தைக் கவனியுங்கள். தலைச்சுமையை இறக்க ஒரு கை வேண்டும், மறுபடி ஏற்றிவிட இன்னொரு ஆள் வேண்டும். சுமைதாங்கி இருந்தால் குனியாமல், தூக்காமல், சுமையைக் கல்லுக்கு நகர்த்தலாம். திரும்ப அப்படியே தலைக்கு வாங்கிக்கொள்ளலாம். இரண்டு பேராகப் போகிறவர்களுக்கு அந்தக் கல் அவசியமில்லை. அது ஒண்டி ஆளுக்காக வைத்தது. வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடும் வழக்கமும் இருந்தது. இறக்கி வைக்க முடியாமல் போனவள் பெயரில் ஊரார் சுமையை இறக்கினார்கள்.

தர்மபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்களும் இதே கவலையில் பிறந்தவை. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கல், நாவல்தாவளத்துக்கு 29 காதம் என்கிறது. எழுத்து தெரியாதவருக்காக அதிலேயே பெரிய குழி இரண்டு, சின்னக் குழி ஒன்பது. யாரையும் கேட்காமல் விரலால் தடவியே தூரம் தெரிந்துகொள்ளலாம். (இன்றைய வழிகாட்டிப் பலகைகளில் இந்த அக்கறை கிடையாது.)

மாட்டுவண்டிக் காலத்தில் வண்டிக்காரர் தூங்கினாலும் மாடு வழி தெரிந்து நடந்தது. லாரிக்கு அது தெரியாது.

ஆளில்லாத தடத்தில் தனியாகப் போவது பற்றி இன்று அதிகம் யோசித்தவர்கள் ஆஸ்திரேலியர்கள். பேர்ட்ஸ்வில் தடம் சுமார் 517 கிலோமீட்டர் நீளம், ஓரமெல்லாம் பாலைவனம். 1936 முதல் டாம் குரூஸ் என்பவர் அதில் தபால் லாரி ஓட்டினார். மணலில் சக்கரம் புதைந்தால் இரும்புத் தகடுகளைக் கீழே போட்டு ஏற்றுவார். 1963 டிசம்பரில் அதே தடத்தில் ஒரு குடும்பத்தின் கார் நின்றுபோனது. காரை விட்டுத் தண்ணீர் தேடி நடந்தார்கள். ஐந்து பேரும் செத்துப்போனார்கள். வண்டி நின்றால் வண்டியை விட்டு நகராதே, கிளம்பும்முன் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போ, தண்ணீர் கூடுதலாக எடு என்பதை அங்கே இன்றும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஆயா சொன்னதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

நம் பக்கம் தண்ணீருக்குப் பஞ்சமில்லை, ஆளுக்கும் பஞ்சமில்லை. 2008லிருந்து 108 ஆம்புலன்ஸும் வருகிறது. விழுப்புரம், திண்டிவனம் வழியாகப் போகும் நாற்கரச் சாலையில் விடியற்காலை நாலு மணிக்குத் தனியாக ஓட்டுகிறவருக்கு வேறொன்று இல்லை: நிறுத்த இடம். கண் சொக்கினால் ஓரங்கட்டுவார். அங்கே ஏற்கெனவே விளக்கில்லாமல் ஒரு லாரி நிற்கும்.

சாலையை அகலமாக்கும்போது பெயர்த்துப் போட்ட குறுக்குக்கல் ஒன்றை ஒரு டீக்கடை வாசலில் பார்த்தேன். பைக்கில் வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றி அதன்மேல் வைத்துவிட்டு, "ஸ்ட்ராங்கா ஒண்ணு போடுங்கண்ணே" என்றார்.